செம்பனைக்குச் சந்தை தேடுவோர் பெரட்டுக் களத்தையும் பார்க்கட்டும்

மலேசியாவில் சிலியாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பால் மரம் வெட்டியவர்களுக்குச் சம்பளம் எழுதும்போது, எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார்கள் என்பதோடு ரப்பர் என்ன விலைக்குப் போயிற்று என்பதையும் சேர்த்தே பார்ப்போம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிமார் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் அப்படி. எங்கோ ஒரு நாட்டில் டயர் விற்காமல் தேங்கினால், இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்த பெண்ணின் சம்பளம் குறையும். அதனால்தான் வாணிபச் செய்திகளை இன்றும் வரி விடாமல் படிக்கிறேன்.

விலையைக் கையில் பிடித்து வைக்க இந்த மண்ணில் பலமுறை முயன்றிருக்கிறார்கள். 1922-ல் பிரிட்டிஷார் ஸ்டீவன்சன் திட்டத்தால் மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதியைக் குறைத்தார்கள். 1925-ல் விலை எகிறியது. கட்டுப்பாட்டில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் சிறுவிவசாயிகள் அந்த விலையைப் பார்த்து மரமாக நட்டார்கள். 1928-ல் திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. பின்னாளில் வாங்குவோரும் விற்போரும் சேர்ந்து அமைத்த அனைத்துலக இயற்கை ரப்பர் அமைப்பு கோலாலம்பூரிலேயே இருந்தது. அதுவும் 1999-ல் முடிந்தது.

இன்று அந்த ரப்பர் நிலங்களில் செம்பனை. வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் ஆலைக்கு ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். இப்படிப்பட்ட சரக்கை விற்கும் நாடு எவரோடும் நெடுநாள் முறைத்துக்கொண்டு நிற்க முடியாது. 2019-ல் அன்றைய பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில் காஷ்மீர் பற்றி இந்தியாவைக் குறைகூறிப் பேசினார். 2020 ஜனவரியில் இந்தியா, சுத்திகரிக்கப்பட்ட செம்பனை எண்ணெயின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. பதிலடி கொடுக்கும் அளவுக்கு நாம் பெரிய நாடல்ல என்று மகாதீரே சொன்னார். அதே சமயத்தில் மலேசிய நிறுவனம் ஒன்று இந்தியச் சர்க்கரையைக் கூடுதலாக வாங்கியது. பணிந்துபோய்விட்டோம் என்று கசந்துகொண்டவர்கள் உண்டு. நான் அதை விவேகம் என்பேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தோடு வேறு வழி. வாகன எரிபொருளில் செம்பனை எண்ணெயை 2030-க்குள் படிப்படியாக விலக்க அவர்கள் முடிவெடுத்தபோது, மலேசியா 2021-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச் தீர்ப்பு, விதியை நடைமுறைப்படுத்திய விதத்தில் குறைகள் இருப்பதாகச் சொன்னது. சுற்றுச்சூழலைக் காரணம் காட்டிக் கட்டுப்படுத்தும் உரிமையை மறுக்கவில்லை. பாதி வெற்றிதான். ஆனாலும் பெரிய நாடும் சின்ன நாடும் ஒரே சட்டத்தின் முன் நிற்கும் இடம் அந்த அமைப்பு ஒன்றே. அதைப் பலவீனப்படுத்த யார் முயன்றாலும் நாம் எதிர்க்க வேண்டும்.

என் மனத்தை அறுப்பது இன்னொன்று. 2020-ல் அமெரிக்கச் சுங்கத்துறை எஃப்.ஜி.வி., சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகிய இரு மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை உள்ளே விட மறுத்தது. தொழிலாளர்களின் கடப்பிதழைப் பிடித்து வைத்தல், மிரட்டல் முதலிய கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாக அது காரணம் சொன்னது. வேலைக்கு வரத் தொழிலாளர்கள் முகவர்களுக்குக் கட்டிய பணத்தை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்து, நடைமுறைகளையும் மாற்றிய பிறகு, 2023-ல் சைம் டார்பிக்குத் தடை நீங்கியது. அந்நியர் சதி என்று அப்போது சிலர் பேசினார்கள். எங்கள் பாட்டன்மாரின் கதை தெரிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். 1938-ல் ரப்பர் விலை இறங்கியதும், முதலாளிகள் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தார்கள். இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. கூலியில் ஐந்து காசு மிச்சம் பிடிக்கப் போய், தமிழ்நாட்டிலிருந்து ஆள் வரும் வழியே அடைபட்டது.

இன்று எங்கள் லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கிறார்கள். அன்று எங்களவர் பட்டதை இன்று அவர்கள் படலாகாது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின்படி எந்தத் தோட்டம் தேறியது, எது தேறவில்லை என்பதை அரசே ஆண்டுதோறும் வெளியிடட்டும். ஐரோப்பாவின் புதிய காடழிப்புத் தடைச் சட்டமும் தொழிலாளர் உரிமையைக் கேட்கிறது. வாங்குபவன் கேட்டுத் துளைக்குமுன் நாமே கணக்கைக் காட்டினால், விலை பேச நமக்கு அதைவிடப் பலம் வேறில்லை.

வாணிப அமைச்சுக்கு என் கோரிக்கை இது. பிரஸ்ஸல்ஸுக்கும் வாஷிங்டனுக்கும் போகும் உங்கள் குழுவில் தொழிற்சங்கத்தார் ஒருவரையும் சிறுதோட்டக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் ஒருநாள் விடியற்காலையில் பகாவிலோ லாபுவிலோ பெரட்டுக் களத்துக்கு வந்து, தொழிலாளர்கள் சொல்வதைக் கேளுங்கள்.