வாணியை யாராவது கேட்டார்களா?

ஸினிமாவில் இரண்டு சுகம் உண்டு. கொட்டகையில் உட்கார்ந்து மெய்ம்மறப்பது ஒன்று. வீட்டுக்கு வந்து காப்பியை ஆற்றிக்கொண்டே குற்றம் கண்டுபிடிப்பது இன்னொன்று. எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் பலர் இரண்டாவதற்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். அதிலும் விஞ்ஞானக் கதைப் படம் என்றால் கேட்கவே வேண்டாம்!

நாம் மட்டுமா? உலகம் முழுவதும் இதே கதைதான். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஹான் ஸோலோ என்பவன், தன் கப்பல் ஒரு பயணத்தைப் பன்னிரண்டு பர்ஸெக்குக்கும் குறைவாக முடித்ததாகப் பெருமையடிக்கிறான். பர்ஸெக் என்பது நேரத்தை அளப்பதல்ல, தூரத்தை அளப்பது. ஒரு பர்ஸெக் 3.26 ஒளி ஆண்டு. "சாம்பாரை ஒன்றரை மைலில் இறக்கிவிட்டேன்" என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? ரசிகர்கள் விடுவார்களா!

அதே படத்தில் ஒரு சிப்பாய் கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்கிறான். படம் எடுத்தவர்கள் கவனிக்கவில்லை, ரசிகர்கள் கவனித்தார்கள். 2004-ல் புதிய தட்டுகள் வெளியானபோது அந்தக் காட்சியை வெட்டவில்லை. 'ணங்' என்று ஒரு சத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள்! குறை சொன்னவர்களுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

சரி, நம் வீட்டுச் சரக்குக்கு வருவோம். 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம், அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து 'காடு' என்று ஒரு படம் எடுத்தார். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. டைரக்டர் வில்லியம் பெர்க். நடிகர்கள் ராட் காமெரான், ஸீஸர் ரொமேரோ. இந்திய இளவரசியாக வந்தவரும் அமெரிக்க நடிகைதான், மேரி விண்ட்ஸர். ஒரு புடவையில் நாட்டையே மாற்றிவிட்டார்கள்!

காட்டு யானைகள் ஏன் மிரண்டு ஓடுகின்றன என்று தேடிப் போகிறார்கள். காரணம், என்றோ அழிந்துபோன மாமத் என்னும் சடை யானைகள். அமெரிக்காவிலிருந்து மாமத்தைக் கப்பலேற்ற முடியுமா? நம் யானைகளுக்கே முடி ஒட்டி நிறுத்திவிட்டார்கள். மார்கழிக் குளிருக்குக் கம்பளி போர்த்திய மாதிரி.

ரசிகர்கள் இங்கே குற்றப் பத்திரிகை வாசிப்பார்கள். மாமத் குளிர்ப் பிரதேசத்து மிருகம். நம் காட்டில் அதற்கு என்ன வேலை? குளிரில் உடல் சூடு வீணாகாமல் இருக்க அதற்குக் காது மிகச் சிறியது. படத்தில் வருவதோ நம் கோயில் யானையின் காது! எல்லாம் வாஸ்தவம். ஆனால் ஒரு விஷயத்தில் சேலத்துக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆப்பிரிக்க யானையைவிட மாமத்துக்குத்தான் நம் ஆசிய யானை நெருங்கிய சொந்தம். வேஷம் தப்பாக இருக்கலாம். வேஷம் போட்டவர் பங்காளிதான்.

அடுத்தது 1963-ல் வந்த 'கலை அரசி'. டைரக்டர் காசிலிங்கம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் ஆளுக்கு இரண்டு வேஷம். வேற்றுக் கிரகம் ஒன்றில் விஞ்ஞானம் கொடிகட்டிப் பறக்கிறது. ஆனால் பாட்டும் கூத்தும் கிடையாது. ஆகவே நம்பியார் பறக்கும் தட்டில் வந்து, வாணி என்ற பாடகியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

சமீபத்தில் பொள்ளாச்சியில் தெரிந்தவர் வீட்டில் இந்தப் படத்தைப் போட்டார்கள். காலேஜில் படிக்கும் பேரன் வரிசையாக அடுக்கினான்: "வேற்றுக் கிரகத்தில் எல்லோரும் எப்படித் தமிழ் பேசுகிறார்கள்? எம்.ஜி.ஆர். மாதிரியே ஒருவர் அங்கேயும் எப்படிப் பிறந்தார்? சூரியனை விட்டால் அடுத்த நட்சத்திரத்திலிருந்து வெளிச்சம் வரவே நாலேகால் வருஷம் ஆகும்; இவர்கள் பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரி வந்து போகிறார்களே?"

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்தார்.

"அதெல்லாம் கிடக்கட்டுங் கண்ணு. அந்தப் புள்ளையை ஒருத்தனாச்சும் 'வர்றியா அம்மிணி'ன்னு கேட்டானா?"

"அவன் வில்லன் அப்பத்தா! வில்லன் கேட்டுட்டா செய்வான்?"

"வில்லன் கேக்க மாட்டான், செரி. பெங்களூர் மாப்பிள்ளைக்குத் தலையாட்டறதுக்கு முன்னால உங்கப்பன் உங்கக்காளைக் கேட்டானா?"

கூடத்தில் மூச்சுப் பேச்சில்லை. அப்பா பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சமையலறையில் கரண்டிச் சத்தம் மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி கேட்டது.

விண்வெளியில் சத்தம் கேட்காது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்பத்தா சொன்ன குற்றத்தைப் பட்டியலில் சேர்த்தவரை நான் கண்டதில்லை. அத்தனை அறிவு படைத்த கிரகத்தார், "அம்மா, நாலு மாதம் வந்து எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுங்கள், சம்பளம் இவ்வளவு" என்று ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா? படத்திலாவது அது வில்லத்தனம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. வீட்டில்? எந்தக் காலேஜ், எந்த வேலை, எந்த ஊர் மாப்பிள்ளை என்பதெல்லாம் கூடத்தில் முடிவாகும். அவளோ உள்ளே காப்பி கலந்துகொண்டிருப்பாள். அவளைத் தூக்கிக்கொண்டு போகப் பறக்கும் தட்டா வேண்டும்? மாலை கட்டிய வாடகைக் கார் ஒன்று போதும்.

'கலை அரசி' வந்த அதே 1963-ல், ஜூன் 16-ம் தேதி, உண்மையாகவே ஒரு பெண் வானத்துக்குப் போனாள். ருஷ்யாவின் வாலண்டினா தெரெஷ்கோவா, வயது 26. பூமியை 48 முறை சுற்றிவிட்டு, ஏறக்குறைய மூன்று நாளில் திரும்பினாள். அதற்கு முன் அவள் என்ன வேலை பார்த்தாள் தெரியுமா? பஞ்சாலையில்! ஆம், நம் கோவைப் பெண்கள் எத்தனையோ பேர் சங்கு ஊதியதும் ஓடிப்போய் நின்ற அதே மாதிரி ஆலையில்தான். ஓய்வு நேரத்தில் பாராசூட்டில் குதிக்கப் பழகினாள். அந்தப் பழக்கமே அவளை விண்கலத்தில் ஏற்றியது. அவளை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. போகிறேன் என்று அவள் முன்வந்தாள்.

பழைய படங்களை ஆசை தீரப் பாருங்கள். யானையின் காதை அளந்து பாருங்கள். பர்ஸெக்கைக் கணக்குப் போடுங்கள். குறை சொல்வதும் ரசிப்பில் பாதி. படம் முடிந்து விளக்குப் போட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டு வாணியிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.