தானியங்கியை நீக்கிக் கைக்கியர் பூட்டுதல்: ஓர் அபிப்பிராயம்

விழா மலர்களிலே ஆசிரியப் பெருந்தகைகளின் நினைவுகளும், திருமுறை ஆராய்ச்சிகளும், கிறிக்கெட் வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. அவற்றினிடையே மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டியைப் பற்றி ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் கொட்டாஞ்சேனையிலே வளர்ந்த நம் பழைய மாணவரிற் பலர், மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இளமையைக் கழித்தவர்கள். அவர்தம் நாசியில் திருநீற்றின் மணத்தோடு கிறீஸ் எண்ணெயின் மணமும் கலந்தே இருக்கும். ஆதலின் இப்பொருள் நம்மவர்க்குப் புறம்பானதன்று.

நம் சங்கத்து இளைஞர் இப்போது அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. யப்பானிலிருந்து வந்த வேகவண்டியொன்று கைக்கு எட்டுகிறது. ஆனால் அது தானியங்கிக் கியர் உள்ளது. அதனைக் கழற்றிவிட்டுக் கிளச்சும் கைக்கியரும் பூட்டலாமா? என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுமையாகச் செய்ய வல்லவர் தாராளமாகச் செய்க. அரைகுறையாகச் செய்ய எண்ணுபவர் அவ்வண்டியை விற்று, பிறவியிலேயே கைக்கியர் உள்ள வண்டியைத் தேடி வாங்குக. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி வீதியிற் போவோர்க்கெல்லாம் ஆபத்தானது.

தானியங்கி ஒன்றும் புதுமையன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் 1939ஆம் ஆண்டிலேயே ஹைட்ராமாற்றிக் என்னும் பெட்டியை ஓல்ட்ஸ்மொபில் வண்டிக்கென வெளியிட்டது. ரொயோட்டா 1959இல் ரொயோகிளைட் என்பதைக் கொண்டுவந்தது. ஆனால் அக்காலக் கொழும்பு வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் போன்ற ஆங்கில வண்டிகளே. மொறிஸ் மைனரின் முதற் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் அதிலே கியரை இறக்கக் கிளச்சை இருமுறை மிதித்து, இடையிலே எஞ்சினின் வேகத்தை ஏற்றிக் கொடுக்க வேண்டும். அவ்வித்தையைக் கற்றவர்க்கு எஞ்சினின் ஒலியே ஆசான். அத்தகைய தந்தையரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று இவ்வாசை கொள்கின்றனர் என்பதில் வியப்பில்லை.

ஆசைக்குக் காரணம் கூறும்போதுதான் இளைஞர் தவறுகின்றனர். “கைக்கியர் வேகம் கூடியது” என்கின்றனர். அஃது ஒருகாலத்து உண்மை. 1989ஆம் ஆண்டு பிரேசில் கிராண்ட் பிறீ பந்தயத்தில் நைஜல் மான்செல், சுக்கானின் பின்னேயுள்ள துடுப்புகளால் கியர் மாற்றும் பெராரி வண்டியில் முதற் போட்டியிலேயே வென்றார். சில ஆண்டுகளில் போர்மியூலா வண் முழுவதும் அவ்வழிக்கு வந்துவிட்டது. இன்றைய போர்ஷ் 911 ஜீ.ரீ.3 வண்டியை எடுத்துக்கொள்வோம். நிற்கும் நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை இரட்டைக் கிளச்சுத் தானியங்கியுடன் 3.4 விநாடியில் எட்டும் அவ்வண்டிக்கு, கைக்கியருடன் 3.9 விநாடி ஆகின்றது. மனிதனின் கையும் காலும் எவ்வளவு பழகினும் அவ்வியந்திரத்தை முந்தமாட்டா.

அங்ஙனமாயின் ஆசை வீணோ? அன்று. அதே போர்ஷ் நிறுவனம் 2013இல் ஜீ.ரீ.3 வண்டியைத் தானியங்கியுடன் மட்டுமே விற்றது, வாங்குவோர் முணுமுணுத்தனர், 2016இல் கைக்கியர் மட்டுமே உள்ள 911 ஆர் வெளிவந்தது, 2017இல் ஜீ.ரீ.3 வண்டிக்கும் கைக்கியர் திரும்பி வந்தது. ரொயோட்டாவின் புதிய சுப்ரா 2019இல் தானியங்கியாகவே பிறந்து, 2022இல் கைக்கியரையும் பெற்றது. விலையும் வேகமும் அறிந்த நிறுவனங்களே இறங்கி வந்தன என்றால், அங்கே வேகத்தின் வேறான ஒன்று வேண்டப்படுகின்றது என்பது தெளிவு. கையால் மீட்டும் தம்புராவை இலத்திரனியற் சுருதிப்பெட்டி பிழையின்றி வென்றுவிட்டது. என்றாலும் தம்புராவை மடியிற் சாய்த்து அமர்பவரை நாம் மூடரென்று சொல்வதில்லை. இன்பத்திற்காகச் செய்கிறேன் என்று ஒருவர் நேர்மையாகக் கூறுவாராயின் அவரோடு எனக்கு வழக்கில்லை.

இனி வேலையைப் பார்ப்போம். தானியங்கி வண்டியில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே நிற்பது டோர்க் கொன்வேட்டர் என்னும் எண்ணெய் நிறைந்த சுழலி. எண்ணெயின் சுழற்சியே விசையைக் கடத்துவதால் வண்டி நின்றாலும் எஞ்சின் நிற்பதில்லை. அதனைக் கழற்றினால் அதனோடு எஞ்சினின் வாலிலுள்ள மெல்லிய தகடும் போகவேண்டும்; அவ்விடத்தில் கனத்த பிளைவீல், கிளச்சுத் தட்டு, அழுத்தத் தட்டு, அதனை விடுவிக்கும் பெயாரிங், கிராங்க் ஷாப்டின் முனையிலே பைலட் பெயாரிங் ஆகிய யாவும் வரவேண்டும். பல எஞ்சின்களில் மெல்லிய தகட்டுக்குரிய ஆணிகள் பிளைவீலுக்குக் குட்டையானவை. அவற்றையே முறுக்கி அனுப்பிவிடும் கைகளும் உண்டு. நிமிடத்துக்கு 7,000 முறை சுழலும் ஓர் இரும்புச் சக்கரம் கழன்றால் அது சாரதியின் பாதங்களுக்கு அருகேயே உடைந்து சிதறும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பின்சக்கரம் இழுக்கும் வண்டியாயின் புரொப்பெல்லர் ஷாப்டின் நீளம் மாறும்; பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மாறும்; டிபரன்ஷியலின் பல் விகிதமும் பொருந்தாமற் போகலாம். எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேற்றருக்குச் சென்ற குழாய்களை அடைக்க வேண்டும். பின்னோக்கிச் செல்லும் விளக்குக்கும் வேகமானிக்கும் புதிய இணைப்பு வேண்டும். எஞ்சின் கணினியோ தன் பழைய துணைவனைத் தேடித் தேடி எச்சரிக்கை விளக்கை எரித்துக்கொண்டே இருக்கும். கைக்கியர் வண்டிக்குரிய கணினியை வைத்தாலன்றி அது அமைதியடையாது.

இவற்றுள் மூன்று காரியங்களை யான் விசேடமாக வற்புறுத்துவேன். முதலாவது பிறேக் மிதி. தானியங்கி வண்டியின் அகன்ற மிதி கிளச்சு மிதிக்கு இடம் விடாது. மிதிகள் முழுவதையும் அவற்றின் தாங்கியோடு மாற்றுதலே முறை. ஒரு கராஜில், பழைய பிறேக் மிதியைப் பாதியாக அறுத்து, அருகிலே இரும்புத் துண்டொன்றை ஒட்டவைத்துக் கிளச்சாக்கியிருந்த வண்டியொன்றைக் கண்டேன். அவ்வொட்டு விட்டுப்போகும் நாள் எதுவாயினும், அன்று வண்டியின் முன்னே யாரோ ஒருவர் வீதியைக் கடந்துகொண்டிருப்பார்.

இரண்டாவது, ஸ்ராட் செய்யும் காப்பு. தானியங்கி வண்டி, பார்க் அல்லது நியூட்ரல் நிலையிலன்றி ஸ்ராட் ஆகாது. பெட்டியைக் கழற்றியதும் அக்காப்புக் கம்பிகளிரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் எஞ்சின் எந்நிலையிலும் ஸ்ராட் ஆகும். கியரில் நிற்பதை அறியாது சாவியைத் திருப்பினால் வண்டி முன்னே பாயும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலே, மதிலோடு ஒட்டி நிறுத்திய வண்டிக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் இடையே எத்தனை அடி உண்டென்பது நமக்குத் தெரியும். அவ்வடிகளுக்குள்ளேதான் பிள்ளைகள் பந்தடிக்கின்றன. கிளச்சை மிதித்தாலன்றி ஸ்ராட் ஆகாதபடி ஒரு ஸ்விச்சு வைத்தல் பெருஞ்செலவன்று.

மூன்றாவது கைப்பிறேக். தானியங்கியின் பார்க் நிலையிலே பெட்டிக்குள் ஒரு கொக்கி விழுந்து வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்த வசதியிலே பழகியவர் கைப்பிறேக்கை ஆண்டுக்கணக்கில் தொடுவதில்லை. கம்பி துருவேறிக் கிடக்கும். கைக்கியர் வண்டிக்கு அதுவே துணை.

ஆசைப்படுவோர் அறியாத இன்னொன்று: நிறுவனத்தார் தானியங்கி வண்டியைப் பெரும்பாலும் எஞ்சினோடு சேர்த்தே வேறாக அமைக்கின்றனர். மஸ்டா ஆர்.எக்ஸ்.8 வண்டி 2003இல் யப்பானில் வெளிவந்தபோது, நாற்கியர்த் தானியங்கியோடு வந்த சுழல் எஞ்சினுக்குக் காற்றை உள்ளிழுக்கும் வாயில்கள் நான்கு. வலு 210 குதிரைவலு. ஆறு கியர்க் கைவண்டிக்கோ வாயில்கள் ஆறு, வலு 250, சுழற்சியும் 9,000 வரை செல்லும். நாற்கியர்த் தானியங்கியை வாங்கிப் பெட்டியை மாற்றியவர் 250 குதிரையும் வந்துவிட்டதென்று நினைப்பாராயின், நாற்பது குதிரைகளை அவர் கனவிலேயே ஓட்டவேண்டும். மிற்சுபிஷி லான்சர் எவலூஷன் ஏழாம் வகையிலே 2002இல் வந்த ஜீ.ரீ.ஏ. என்னும் தானியங்கியும் அத்தகையதே. கைவண்டியின் 280க்குப் பதிலாக 272 குதிரைவலுவும், சிறிய ரேபோவும் உடையது. இவ்வேறுபாட்டை அறிந்தபின்னும் வேண்டுமென்பவர்க்கு யான் தடையில்லை.

இவ்வளவையும் வற்புறுத்துவதற்கு இந்நாட்டுக்கே உரிய காரணமொன்றுமுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையே 2022இன் பொருளாதார வீழ்ச்சியையும் கண்டோம். வழி திறந்த பின்னரும் பழைய வண்டிகளுக்கு வயதெல்லை உண்டு. ஆகவே தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் வந்த வேகவண்டிகள் இத்தீவில் இருப்பனவே. ஒன்று பழுதானால் அவ்விடத்துக்கு மற்றொன்று கப்பலேறி வராது. அவற்றுக்குரிய கைக்கியர்ப் பெட்டிகளும் எண்ணி முடிக்கத்தக்கன. துணியாலும் சவர்க்காரத்தாலும் பளபளக்கச் செய்த ஒரு பெட்டியை மட்டும் தனியே வாங்கி வந்து, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று தொடங்குகிறவர் பலர். அந்த மிச்சம் கிடையாது நிற்கையில், எஞ்சின் வெளியே, பெட்டி வெளியே, வண்டி மழைக்குள்ளே. விபத்துற்றதாயினும் அதே வகைக் கைவண்டி முழுவதையும், அன்றேல் அதன் முன்பாதியை மிதிகளோடும் கம்பிகளோடும் கணினியோடும், முதலில் வாங்கிக் கண்முன்னே வைத்துக்கொண்ட பின்னரே தானியங்கி வண்டியின் முதல் ஆணியைக் கழற்றுதல் வேண்டும்.

கராஜ் பாஸ்மாரிடமும் ஒரு வேண்டுகோள். நம்மவர் கைத்திறன் எத்தகையதென்பதை இறக்குமதி நின்ற ஐந்தாண்டுகளும் காட்டின. வண்டிகளை ஓட வைத்தவர்கள் அவர்களே. அத்திறனுடையவர், பாகங்கள் முழுமையாக வராத வேலையை ஏற்க மறுத்தல் வேண்டும். “எப்படியாவது செய்து தாங்கோ பாஸ்” என்று வாடிக்கையாளர் கெஞ்சும்போது மறுப்பது எளிதன்று. வாடகையும் கூலியும் காத்திருக்கின்றன. ஆயினும் அந்த “எப்படியாவது” என்ற சொல்லிலேதான் ஒட்டவைத்த மிதிகள் பிறக்கின்றன.

வண்டியை எங்கே ஓட்டப்போகிறோம் என்பதையும் எண்ணுக. 1934இல் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தொட்டை மலையேற்றப் போட்டியில், வளைவுக்கு முன்னரே உரிய கியரைத் தெரிந்து போடும் கைக்குத் தனி இன்பமுண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாலை ஆறு மணிக்குக் காலி வீதியால் செல்பவர்க்கோ, பலமான அழுத்தத் தட்டுடைய கிளச்சு இடக்காலுக்குத் தண்டனையே. ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு எழுந்தருளும் நாளிலே அதன் பின்னே அகப்பட்டுக்கொண்டால் முருகனை நினைப்பதற்கு வேறு தூண்டுதல் வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்திலே அறிவித்து, மறுமொழியையும் எழுத்திலே பெறுக. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் கேட்டறிக. வீட்டிலே தானியங்கியில் மட்டும் பழகிய மனைவியோ தங்கையோ இருப்பின் சாவியை மாட்டும் இடத்தையும் மாற்றுக.

கழற்றிய தானியங்கிப் பெட்டியை மட்டும் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எண்ணெய்த் துவாரங்களை அடைத்து, டோர்க் கொன்வேட்டரோடும் அதன் குட்டை ஆணிகளோடும் கணினியோடும் ஒரு பெட்டியிலிட்டு, உலர்ந்த இடத்திலே வையுங்கள். பின்னாளில் வண்டியை வாங்க வருபவர் முதலில் கேட்பது அதையாகவும் இருக்கலாம்.