கிணற்றைக் குறை கூறுமுன்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் வீட்டுக் கிணற்றுப் பம்பு நீர் இறைக்கத் தவறியவுடன், ஊற்று வற்றிவிட்டதெனக் கருதி, நகையை அடகு வைத்தேனும் ஆழ்குழாய் துளைக்க முற்படுவோர் பலர். இஃது அவசர புத்தியேயாகும். இங்கு அடித்தளம் கடினப்பாறை. அதன் வெடிப்புகளிலேயே நீர் தங்கும். வெடிப்பு அகப்படாவிடில் எத்துணை ஆழம் துளைப்பினும் கல் தூள்தான் வெளிவரும், கடனும் மிஞ்சும்.

முதற்கண், கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளத்தல் வேண்டும். மேலே வைத்த பம்பு சுமார் 25 அடிக்குக் கீழுள்ள நீரை உறிஞ்ச வல்லதன்று. கோடையில் மட்டம் அதற்கும் கீழிறங்கியிருப்பின், பம்பையே கிணற்றினுள் திட்டமைத்து இறக்கி வைத்தல் தகும். மட்டம் எட்டும் தூரத்திலிருந்தும் நீர் வாராவிடில், உறிஞ்சு குழாயை நீரூற்றி நிரப்பிப் பார்க்க. ஊற்றிய நீர் இறங்கிவிடின், பெரும்பாலும் புட்வால்வில் சருகு சிக்கியிருக்கும், அல்லது வாஷர் தேய்ந்திருக்கும். நீர் நின்றும், ஓட்டுங்கால் விட்டுவிட்டு வருமாயின் குழாய் இணைப்பில் காற்றுப் புகுகின்றது. இவற்றைச் சீர்செய்ய ஆகுஞ் செலவு, துளைக்கும் இயந்திரம் வாசலுக்கு வருங் கூலிக்கும் ஈடாகாது.