தகுதித் தேர்வும் காத்திருப்பின் விலையும்

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைக் கலங்கச் செய்தது. பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். தவறினால் கட்டாய ஓய்வு என்பது அத்தீர்ப்பின் சாரம். ஐந்தாண்டுகளுக்கும் குறைவான பணிக்காலம் எஞ்சியிருப்போர் பணியில் நீடிக்கலாம். பதவி உயர்வு வேண்டுமெனில் அவர்களும் தேர்வு எழுதியாக வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. தமிழ்நாடு அரசும் சீராய்வு கோரி நீதிமன்றத்தை நாடியது.

இருபது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஒருவரிடம் இப்போது வந்து தகுதியை நிரூபிக்கச் சொல்வது முறையா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அதே தேர்வை எழுதித் தேர்ச்சியும் பெற்று, பணி கிடைக்காமலே நடுத்தர வயதைக் கடந்துகொண்டிருக்கும் இன்னொரு கூட்டமும் நம்மிடையே உண்டு. அவர்களில் கணிசமானோர் சேரிகளிலிருந்து ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் ஆவர். அவர்களின் கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் ‘தகுதி’ என்ற சொல் நடைமுறையில் எதை அளக்கிறது என்பது விளங்கும். அது அறிவை மட்டும் அளக்கவில்லை. எவ்வளவு காலம் ஊதியமின்றிக் காத்திருக்க முடியும் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

மூன்று வாயில்கள்

அரசுத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக விரும்பும் ஒருவர் இன்று மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும். முதலாவது, பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. இரண்டாவது, தகுதித் தேர்வின் முதல் தாள். மூன்றாவது, பணி நியமனத்துக்கான போட்டித் தேர்வு.

இரண்டாவது வாயில் கல்வி உரிமைச் சட்டத்தின் வழியே வந்தது. அச்சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் கழகம் வெளியிட்ட அறிவிக்கை, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும், இரு மொழிகள், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள். பகுதிக்கு 30 என மொத்தம் 150 மதிப்பெண்கள். தேர்ச்சிக்கு 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண்கள். மூன்றாவது வாயிலைத் தமிழ்நாடு அரசு 2018 ஜூலையில் ஓர் அரசாணை மூலம் திறந்தது. அதன் பிறகு தகுதித் தேர்வில் வெல்வது என்பது, இன்னொரு தேர்வை எழுதும் உரிமையைப் பெறுவது மட்டுமே என்றாயிற்று.

மூன்றே மாதத்தில் வளர்ந்த தகுதி

தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. 150 வினாக்களுக்கு 90 நிமிடங்கள். இரு தாள்களையும் சேர்த்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் 2,448 பேர். ஆசிரியர்களின் தரம் இவ்வளவுதானா என்று ஊடகங்கள் எள்ளி நகையாடின. பிறகு அதே ஆண்டு அக்டோபரில், தவறியவர்களுக்காக மறுதேர்வு நடத்தப்பட்டது. இம்முறை மூன்று மணி நேரம் தரப்பட்டது. 19,000-க்கும் மேற்பட்டோர் தேறினர்.

மூன்று மாதங்களில் அவர்களின் அறிவு பன்மடங்கு பெருகிவிட்டதா? மாறியது தேர்வுதான். நேரத்தை இரட்டிப்பாக்கியதும், ஜூலையில் ‘தகுதியற்றவர்’ என்று முத்திரை குத்தப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அக்டோபரில் ‘தகுதியானவர்’ ஆயினர். தகுதி என்பது மனிதருக்குள் மட்டும் உறையும் பொருளன்று. அளப்பவர் தெரிந்தெடுக்கும் அளவுகோலிலும் அது உள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அளவுகோல் குறித்த அடுத்த போராட்டம் மதிப்பெண் சலுகையைச் சுற்றி எழுந்தது. இடஒதுக்கீட்டுக் கொள்கைக்கு ஏற்பச் சலுகை தரலாம் என்று 2010 அறிவிக்கையிலேயே இடமிருந்தும், சமூகநீதிக்குப் பேர்போன நமது மாநிலம் 2014 பிப்ரவரியில்தான் அதைச் செய்தது. 2013 தேர்வு முதல், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 55 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆணையை இரத்துச் செய்தது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் லாவண்யா வழக்கில் சலுகை செல்லும் என்று உறுதிசெய்தது. இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒரே அளவான சலுகையே வழங்கப்பட்டது. வெவ்வேறு ஆழத்தில் தள்ளப்பட்டவர்களுக்கு ஒரே நீளக் கயிற்றை வீசுவதைச் சமத்துவம் என்று அழைக்க இயலாது.

அதே வழக்கில் வெயிட்டேஜ் முறையும் உறுதிசெய்யப்பட்டது. 2014 மே மாத ஆணையின்படி, இடைநிலை ஆசிரியர் தெரிவில் தகுதித் தேர்வுக்கு 60, பட்டயப் படிப்புக்கு 25, பிளஸ் டூவுக்கு 15 என மதிப்பெண்கள் பகிரப்பட்டன. இருபதாண்டுகளுக்கு முன் ஆசிரியர் பற்றாக்குறை நிலவிய கிராமப் பள்ளியில் பிளஸ் டூ தேறிய ஒருவரும், மதிப்பெண்கள் தாராளமாகிவிட்ட பிற்காலத்தில் தேறிய ஒருவரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனர். இதற்கு முன்பிருந்த வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு முறையைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அதிலும் இளமை கரைந்தது. ஆயினும் அங்கே காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் ஏறியது. வெயிட்டேஜ் கணக்கில் பதிவு மூப்புக்கு இடமே இல்லை.

பத்தாண்டு வெறுமை

2012 முதல் 2014 வரையிலான நியமனங்களுக்குப் பின், இடைநிலை ஆசிரியர்களுக்கான அடுத்த நேரடி நியமனத் தேர்வு 2024 ஜூலையில்தான் நடைபெற்றது. இடையில் பத்தாண்டுகள். 2013இல் தேறியவர்கள் சென்னைக்கு வந்து உண்ணாநிலைப் போராட்டங்களை நடத்தினர். அவர்களின் சான்றிதழுக்கு முதலில் ஏழாண்டு ஆயுள்தான். அது வாழ்நாளுக்கும் செல்லும் என்று ஒன்றிய அரசு 2021 ஜூனில் அறிவித்தது. சான்றிதழுக்கு வாழ்நாள் நீண்டது. ஆனால் 2020இல் மாநில அரசு பணி நியமனத்துக்கு வயது வரம்பை விதித்து, பின்னர் எதிர்ப்புகளால் அதை உயர்த்தியது. தாள் மூப்படையாது, அதை வைத்திருப்பவர் மூப்படைவார்.

இந்தப் பத்தாண்டுகளை யாரால் கடக்க முடியும்? நிலமோ கடையோ அரசு ஊதியம் பெறும் பெற்றோரோ உள்ள வீட்டில், மீண்டும் மீண்டும் பயிற்சி மையத்துக்குச் செல்லும் பிள்ளைக்குச் சோறு உண்டு. கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் மகளுக்கு அது இல்லை. அவள் தனியார் மழலையர் பள்ளியிலோ துணிக்கடையிலோ திருப்பூரின் ஆயத்த ஆடை ஆலையிலோ வேலைக்குச் சேர்கிறாள். இரவில் களைத்த கண்களோடு வினா வங்கியைப் புரட்டுகிறாள். கல்வி உதவித்தொகை பட்டயப் படிப்பின் கட்டணத்தை ஓரளவு ஈடுசெய்யும். படித்து முடித்தபின் காத்திருக்கும் ஆண்டுகளுக்கு உதவித்தொகை ஏதுமில்லை.

வகுப்பறைகளோ காத்திருக்கவில்லை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வாயிலாகத் தற்காலிக இடைநிலை ஆசிரியர்களை மாதம் 7,500 ரூபாய்க்கு அமர்த்த அரசு முடிவெடுத்தது. 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் தொடங்கப்பட்ட எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கும் தொகுப்பூதியச் சிறப்பாசிரியர்களே பின்னர் நியமிக்கப்பட்டனர். வேலை இருந்தது, நிரந்தரப் பணியிடம் மட்டும் இல்லை. ஒரு பள்ளிக்கு ஓர் ஆளை ஊர் அளவிலேயே தெரிவு செய்யும்போது இனச்சுழற்சி எங்ஙனம் சுழலும்? ஊரின் அதிகாரம் யார் கையில் உள்ளதோ, அவர் பரிந்துரைக்கும் பெயரே முன்னிற்கும். நிரந்தர நியமனத்தைத் தள்ளிப்போடுவது, இடஒதுக்கீட்டை ஓசையின்றி முடக்கும் வழியாகிறது.

இதன் மறுமுனையில் நம் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆங்கிலேய ஆட்சியில் தொழிலாளர் துறை தொடங்கிய பள்ளிகளின் வழிவந்தவையே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். மாநிலத்தில் உள்ள 1,138 நலப் பள்ளிகளில் 833 தொடக்கப் பள்ளிகள். நியமனம் நிறுத்தப்பட்டால் ஒரே அடி இரு இடங்களில் விழுகிறது: தலித் பட்டயதாரிக்கு வேலை இல்லை, தலித் குழந்தைக்கு ஆசிரியர் இல்லை.

தேர்வு கேட்காத கேள்வி

தகுதித் தேர்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அரசுப் பள்ளியை மட்டுமே நம்பியிருக்கும் மக்களுக்குத்தான் நல்லாசிரியர் மீது முதல் அக்கறை இருக்க முடியும். நமது கேள்வி, இத்தேர்வு நல்லாசிரியரை இனங்காண்கிறதா என்பதே. குழந்தை வளர்ச்சிப் பகுதி பியாஜேயையும் வைகாட்ஸ்கியையும் கேட்கிறது, கேட்கட்டும். வகுப்பில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் குழந்தைகளை ஆசிரியர் எவ்வாறு கலந்து அமர்த்துவார்? துடைப்பத்தை எடுத்துவர அவர் கை யாரைச் சுட்டும்? 2022இல் ஈரோடு மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், பட்டியல் சாதி மாணவர்களைக் கழிவறை சுத்தம் செய்ய வைத்ததாக எழுந்த புகாரில் தலைமை ஆசிரியர் கைது செய்யப்பட்டார். பட்டயமும் பணி அனுபவமும் அத்தகைய புகார் எழாமல் காக்கவில்லை.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை இந்த வெற்றிடத்தைத் தொட்டது. ஆசிரியர் கல்விப் பாடத்திட்டத்தைச் சமூகநீதிக் கண்ணோட்டத்தில் திருத்துவதும், ஆசிரியர் நியமனத்தின்போது சமூகநீதி குறித்த மனப்பாங்கைக் கருத்தில் கொள்வதும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும். பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்குவது பற்றி நடந்த விவாதத்தில் பாதியளவுகூட, இந்தப் பரிந்துரைகள் பற்றி நடக்கவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

அடுத்த வாயில் ஒன்றும் தயாராகி வருகிறது. 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டப்படிப்பையே ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியாக்க 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முனைகிறது. தொடக்கப் பள்ளிக்குப் பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இரண்டாண்டுப் பட்டயத்தின் மதிப்பு காக்கப்பட்டது. எளிய குடும்பத்துப் பெண்கள் ஆசிரியராவதற்கு எஞ்சியுள்ள மிகக் குறுகிய பாதை அதுவே. அதனை நான்காண்டுகளாக நீட்டினால், பாதையின் தொடக்கத்திலேயே பலர் திரும்பிவிடுவர்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். நியமனத் தேர்வு ஆண்டுதோறும் அறிவித்த காலத்தில் நடக்க வேண்டும். தேர்ச்சி விவரங்கள் சமூகவாரியாக வெளியிடப்பட வேண்டும். நிரப்பப்படாத பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடியினர் பின்னடைவுப் பணியிடங்கள் முதலில் நிரப்பப்பட வேண்டும். தேறிக் காத்திருக்கும் பட்டியல் சாதி, பழங்குடித் தேர்வர்களுக்கு மாத உதவித்தொகை வேண்டும். அரசு மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பட்டயப் படிப்பு தொடர வேண்டும். பணியிலுள்ள ஆசிரியரை வெளியேற்றுவதற்கு மாறாக, ஊதியத்துடன் கூடிய பயிற்சி விடுப்பு அளிக்க வேண்டும். சாதியப் பாகுபாட்டைக் கையாளும் திறன் தேர்விலும் பயிற்சியிலும் இடம்பெற வேண்டும்.

இவற்றுள் ஒன்றை இன்றே தொடங்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் தொடக்கப் பள்ளிகளில் எத்தனை இடங்கள் காலியாக உள்ளன, இனச்சுழற்சிப்படி அவை யாருக்கு உரியவை என்ற விவரம் அரசுப் பதிவேடுகளில் உறங்குகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அதைக் கேட்டுப் பெறலாம். கல்லூரி மாணவர்கள் மாவட்டத்துக்கு ஒரு குழுவாக இதைச் செய்தாலே, ‘தகுதியானவர்கள் கிடைக்கவில்லை’ என்ற வழக்கமான பதிலுக்கு எதிராகக் கணக்கோடு நிற்க முடியும்.