பிரஜையா, வாசியா?

நம் வீடுகளில் கலியாணத்துக்கு நாள் பார்ப்பதற்குப் பஞ்சாங்கம் ஒன்று உண்டு. பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் வீடுகளில் இப்பொழுது இரண்டாவது பஞ்சாங்கமும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்க சர்க்காரின் வெளிநாட்டு இலாகா மாதந்தோறும் பிரசுரிக்கும் விஸா அறிக்கைதான் அது. முதல் பஞ்சாங்கம் தாலி கட்டும் நாளைச் சொல்லும். இரண்டாவது, தாலி கட்டிக்கொண்டவள் புருஷனோடு குடித்தனம் நடத்தப் போகும் நாளைச் சொல்லும். முன்னதில் நல்ல முகூர்த்தம் அடுத்த மாதமே அகப்பட்டுவிடலாம். பின்னதில் வருஷக் கணக்கில் காத்திருக்க நேரிடுவதும் உண்டு.

ஆகையினால்தான், "பையன் கிரீன் கார்டோடு இருந்தபடியே மனைவியை அழைக்க மனுப் போடலாமா? அல்லது அமெரிக்கப் பிரஜையாகிவிட்டு அழைப்பது நல்லதா?" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. நம்மிடம் படித்த பழைய மாணவர்களின் பெற்றோர்கள் பலர் நம்மையும் இதைக் கேட்டிருக்கிறார்கள். இது கணக்குப் பாடத்தில் வரும் கேள்வியைப் போல் ஒரே விடையுள்ளது அன்று. என்றாலும் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அந்நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர் வாசி. ஓட்டுரிமை முதலிய சகல உரிமைகளும் உடையவர் பிரஜை. பிரஜையின் மனைவியையோ கணவனையோ அமெரிக்கச் சட்டம் 'நெருங்கிய உறவினர்' என்ற வகுப்பில் சேர்த்திருக்கிறது. அந்த வகுப்புக்கு வருஷத்தில் இத்தனை பேர்தான் என்ற வரம்பே கிடையாது. மனுவைப் பரிசீலிக்கவும், பத்திரங்களைச் சரி பார்க்கவும், கான்ஸல் காரியாலயத்தில் விசாரிக்கவும் ஆகிற காலந்தான் தாமதம். ஆனால் நிரந்தர வாசியின் மனைவி மக்களோ 'இரண்டாம் முதன்மைப் பிரிவு' என்ற வரிசையில் நிற்கவேண்டும். 1990-ஆம் வருஷத்துச் சட்டம் அந்தப் பிரிவுக்கு ஒதுக்கிய இடங்கள் வருஷத்துக்கு 1,14,200. அதில் நூற்றுக்கு 77 பங்குக்குக் குறையாமல் மனைவி மக்களுக்கு உரியது. அதாவது ஏறக்குறைய 88,000 இடங்கள். உலகம் முழுவதிலும் உள்ள வாசிகளின் மனைவியரும், கணவன்மாரும், 21 வயது நிரம்பாத பிள்ளைகளும் இந்த இடங்களையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வரிசை ஒரே வேகத்தில் நகருவதுமில்லை. 2019 ஜூலையில் அது முழுவதும் திறந்துவிட்டது. வாசியின் மனைவிக்கும் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. "இனிமேல் பிரஜையானால் என்ன, வாசியானால் என்ன?" என்று அப்பொழுது பலர் சந்தோஷப்பட்டார்கள். 2023 ஏப்ரலில் வரிசை மறுபடியும் பின்வாங்கிவிட்டது. ஆற்றிலே தண்ணீர் வற்றியிருந்த நாளில் கடந்தவன் சொன்னதை நம்பி, வெள்ளம் வரும்போது இறங்கக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன்பு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது இந்த வருஷம் நம் பிள்ளைக்கும் நடக்கும் என்று நிச்சயம் சொல்ல முடியாது.

இங்கே நம் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தற்காலிக உத்தியோக விஸாவில் இருப்பவர் மனைவியைத் தம்மோடு அழைத்துக்கொள்ளத் தனி விஸா உண்டு. அதற்கு வருஷாந்தர வரம்பு இல்லை. அவரே உத்தியோகத்தின் மூலம் கிரீன் கார்டு பெறும்போது, அதற்கு முன்பே விவாகம் ஆகியிருந்தால், மனைவிக்கும் அவருடைய வரிசையிலேயே இடம் உண்டு. பின்னால் வந்து சேர்ந்துகொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. கிரீன் கார்டு கைக்கு வந்த மறுநாள் விவாகம் நடந்தால் இந்த வசதி போய்விடும். புதிதாக மனுப் போட்டு, மேலே சொன்ன நீண்ட வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். "கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் கலியாணத்தை வைத்துக்கொள்ளலாம்" என்று கௌரவத்தை உத்தேசித்துத் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முகூர்த்தம் ஒரு மாதம் முந்தியதா பிந்தியதா என்பதில் தம்பதிகளின் பல வருஷ வாழ்வு அடங்கியிருக்கிறது.

சரி, கிரீன் கார்டு வந்தாயிற்று; கலியாணமும் பிறகுதான் நடந்தது. இனிச் செய்ய வேண்டியது என்ன?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் 2022 ஜூனில் கிரீன் கார்டு பெற்றார். 2025 ஜூனில் விவாகம் செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். கிரீன் கார்டு பெற்று ஐந்து வருஷம் ஆனவருக்குத்தான் பிரஜா உரிமை கிடைக்கும். ஆகவே அவருக்கு 2027 ஜூனில் தகுதி வரும். தொண்ணூறு நாள் முன்னதாக, மார்ச்சிலேயே விண்ணப்பம் செய்யலாம். இப்பொழுது அவருக்கு இரண்டு வழிகள் தோன்றுகின்றன: வாசியாக இருந்தே 2025-இல் மனுப் போடுவது, அல்லது பிரஜையாகும் வரையில் சும்மா இருந்துவிட்டு அப்புறம் மனுப் போடுவது. பலர் இரண்டாவது வழியைப் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறார்கள். அது சரியான யோசனை அன்று. 2025-இல் போட்ட மனு வீணாவதில்லை. வரிசையில் இடம் பிடித்துவிடுகிறது. இடையில் பரிசீலனையும் நடந்துகொண்டிருக்கும். மனுதாரர் பிரஜையாகிச் சான்றுப் பத்திரத்தின் பிரதியை அனுப்பினால், அதே மனு நெருங்கிய உறவினர் மனுவாக மாறிவிடும். சும்மா இருந்தவரோ அன்றைக்குத்தான் முதல் படியில் கால் வைப்பார்.

ஆகவே மனுப் போடுவதும் பிரஜையாவதும் ஒன்றையொன்று தடுக்கும் காரியங்கள் அல்ல. முன்னதை உடனே செய்யலாம். பின்னதை யோசித்துச் செய்யலாம்.

ஆனால் பிள்ளைகுட்டி உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வாசியின் மனைவிக்காகப் போட்ட மனுவிலேயே அவளுடைய சிறு குழந்தைகளும் அடங்கிவிடுவார்கள். மனுதாரர் பிரஜையாகி, மனைவி நெருங்கிய உறவினர் வகுப்புக்கு மாறியவுடன், குழந்தைகள் அந்த மனுவிலிருந்து கழன்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி மனு வேண்டும். இதை அறியாதவர்கள், தாய்க்கு விஸா வந்து குழந்தைக்கு வராமல் திகைத்து நிற்பார்கள். முன்கூட்டியே தனித்தனி மனுக்களைப் போட்டுவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

காத்திருக்கும் காலத்தில் இன்னொரு கஷ்டமும் உண்டு. புது மனைவி இங்கே, கணவன் அங்கே. லீவு போட்டு வந்து ஏழெட்டு மாதம் கூட இருந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றுவது இயற்கை. ஆனால் பிரஜா உரிமை கேட்கிறவர் ஐந்து வருஷத்தில் முப்பது மாதமாவது அந்நாட்டு மண்ணிலேயே இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால், தொடர்ந்த வாசம் முறிந்ததாகச் சந்தேகம் எழும். ஒரு வருஷம் தங்கினால் முறிந்தே போகும். மனைவியோடு இருப்பதற்காகச் செலவிடும் நாட்களே மனைவியை அழைத்துக்கொள்ளும் நாளைத் தள்ளிப்போடக்கூடும். மனைவி உல்லாசப் பிரயாணியாகப் போய்வரலாமே என்றால், நிரந்தரமாகக் குடியேற மனுப் போட்டவள் திரும்பி வருவாள் என்று விஸா அதிகாரியை நம்பச் செய்வது எளிதல்ல. இப்படிப் பிரிந்திருப்பவர்களுக்காக 2000-ஆம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் தனி விஸா ஒன்றை ஏற்படுத்தியது. ஆனால் அவ்வருஷம் டிசம்பர் 21-ந் தேதிக்குள் மனுப் போட்டவர்களுக்கு மட்டுமே அது என்று வரம்பும் கட்டிவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கருணை கிட்டவில்லை.

இதுவரையில் கணக்கு பிரஜா உரிமையின் பக்கமே சாய்கிறது. இன்னும் சில விஷயங்களும் அந்தப் பக்கந்தான். பிரஜையான கணவன் காலமாகிவிட்டால், மனைவி மறுவிவாகம் செய்துகொள்ளாமல் இருந்து, இரண்டு வருஷத்துக்குள் தானே மனுச் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அங்கே போய்ச் சேர்ந்த மனைவி பிரஜையாக விரும்பினால், பிரஜையான கணவனோடு மூன்று வருஷம் வாழ்ந்திருந்தால் போதும். கணவன் வாசியாகவே இருந்தால் ஐந்து வருஷம் ஆகும். சம்ரக்ஷணைப் பொறுப்போ இருவருக்கும் ஒன்றேதான். தரித்திர மட்டத்துக்கு மேல் நூற்றுக்கு 25 பங்கு அதிகமான வருமானத்தைக் காட்டி, மனைவியைத் தாங்குவதாகக் கையெழுத்திட வேண்டும். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு நீங்காது.

இனித் தராசின் மறு தட்டுக்கு வருவோம். அமெரிக்கப் பிரஜையாகிறவர் தமது பழைய நாட்டின்பால் உள்ள விசுவாசத்தைத் துறப்பதாகப் பிரமாணம் செய்ய வேண்டும். நமது நாடோ இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்வதில்லை. 1955-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, வேறு நாட்டின் பிரஜா உரிமையை வலிய ஏற்றுக்கொண்ட அந்த நிமிஷமே இந்தியப் பிரஜா உரிமை அற்றுப்போகிறது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 2005 முதல் 'வெளிநாடுவாழ் இந்தியப் பிரஜை' என்ற பதிவு அட்டை கிடைக்கிறது. அதைக் கொண்டு ஆயுள் முழுவதும் வந்து போகலாம். ஆனால் ஓட்டு இல்லை. ராஷ்டிரபதி பதவியோ ஹைக்கோர்ட் நீதிபதி ஸ்தானமோ இல்லை.

"நன்செய் வாங்க முடியாதே!" என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியப் பிரஜையும் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பிதிரார்ஜிதமாக வருவதைப் பெற்றுக்கொள்வதற்கு இருவருக்கும் தடையில்லை. ஆகவே அங்கேயே வாழ்கிறவரைக்கும் நிலத்தைக் காட்டித் தயங்குவது அவ்வளவு பொருத்தமில்லை. உண்மையான நஷ்டம் வேறு. அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் கும்பகோணத்துப் பெண் அந்நிய ஸ்திரீ. அவளை அழைத்துக்கொள்வதற்காகக் கணவன் நம் சட்டத்தின் கண்ணில் அந்நியன் ஆகிறான். தாயார் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட வரும்போது எல்லையில் அட்டையைக் காட்டிவிட்டு வர வேண்டும். இதை அற்பமென்று நினைப்பவர்கள் உண்டு. மனம் பொறாதவர்களும் உண்டு. இரு சாராரையும் நாம் குறை கூறமாட்டோம்.

இந்த உரிமையின் சரித்திரத்தையும் நாம் மறப்பதற்கில்லை. 1923-இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, பகத்சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லராகையால் பிரஜையாகத் தகுதியற்றவர் என்று தீர்ப்புச் செய்தது. அத்தகையவரை மணந்த அமெரிக்கப் பெண்கள் தங்கள் சொந்தப் பிரஜா உரிமையையே இழந்தார்கள். 1931-இல்தான் அந்த அநீதி நீக்கப்பட்டது. 1946-இல் இந்தியரும் பிரஜையாகலாம் என்று சட்டம் வந்தபோது, புதிதாகக் குடியேற வருஷத்துக்கு நூறு பேர் என்று அளந்து கொடுத்தார்கள். அன்று கேட்டும் கொடுக்காததை இன்று ஏற்பதா வேண்டாமா என்று நம் பிள்ளைகள் தயங்கி யோசிக்கும் நிலையில் இருக்கிறார்கள். யோசிக்கும் சுதந்திரம் இருப்பதே பெரிய மாறுதல்தான்.

கதவு அடியோடு மூடிவிடுவதுமில்லை. அந்த அட்டையைப் பெற்று ஐந்து வருஷம் ஆனவர், பன்னிரண்டு மாதம் இங்கே வசித்த பிறகு, அந்நியப் பிரஜா உரிமையைத் துறந்து மறுபடியும் இந்தியப் பிரஜையாக விண்ணப்பம் செய்யலாம். மேலும், கணவன் பிரஜையானால் மனைவியும் ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அவள் வாசியாக இருந்துகொண்டு இந்தியப் பாஸ்போர்ட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பெண் அங்கே உத்தியோகம் பார்த்துக் கணவனை அழைக்கும் குடும்பங்களுக்கும் இவை யாவும் அப்படியே பொருந்தும்.

ஆகவே நமது யோசனை இது: விவாகம் பதிவானவுடன் மனுவைப் போட்டுவிட வேண்டும். இந்த நாட்டிலேயே முதுமையைக் கழிக்க உத்தேசிக்கிறவரும், வயதான பெற்றோருக்காகச் சீக்கிரம் திரும்பக் கூடியவரும், வரிசை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, கூடுமானால் வாசியாகவே இருந்து காத்திருக்கலாம். அங்கேயே வேரூன்றிவிட்டவர், மனைவியை வருஷக் கணக்கில் தனியே விட்டுவைத்து வெறும் பெருமைக்காகப் பழைய பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயமில்லை. நாட்டுப் பற்றின் செலவு முழுவதையும் அவள் தலையில் கட்டுவது தேசபக்தியாகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. பெண் வீட்டார் ஜாதகத்தையும் சம்பளத்தையும் விசாரிக்கும்போது, பையன் எந்த விஸாவில் இருக்கிறான், கிரீன் கார்டு எந்த மாதத்தில் வந்தது, பிரஜையாக உத்தேசம் உண்டா என்பவற்றையும் வாய் திறந்து கேட்க வேண்டும். பிள்ளை வீட்டார் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை மாதம் பிறந்த வீட்டில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதைக் கலியாணத்துக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்லி, அவள் சம்மதத்தைப் பெற்ற பிறகே நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்கலாம்.