பாட்டு நிற்கும், பெயர் நிற்குமா?

இன்றைய திரைப்பாடல்கள் ஐம்பது ஆண்டு கழித்து யார் நினைவிலாவது இருக்குமா என்று கேட்டால், நாற்பதைத் தாண்டியவர்களில் பலர் சிரித்துவிடுவார்கள். வாத்திய இரைச்சலில் வார்த்தையே காதில் விழவில்லை, இதில் எது நிற்கப்போகிறது என்பது அவர்கள் வாதம். இளையவர்களோ யூடியூபைத் திறந்து எண்ணிக்கையைக் காட்டுவார்கள். ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’ 2020இலேயே 100 கோடி பார்வைகளைத் தாண்டிவிட்டதே என்பார்கள். இரு தரப்பும் எதிரெதிராகப் பேசினாலும் இருவருக்கும் அடிப்படை ஒன்றுதான்: தரமோ புகழோ இருந்தால் பாட்டு தானாக நிற்கும், இல்லாவிட்டால் தானாக உதிரும். தமிழ்த் திரையிசையின் 90 ஆண்டுக் கதை இதை ஆமோதிக்கவில்லை. எந்தப் பாட்டும் தானாக நின்றதில்லை; ஒரு தலைமுறை அதைச் சுமந்துவந்து அடுத்த தலைமுறையிடம் இறக்கிவைத்திருக்கிறது. இன்றைய பாடல்களையும் சுமக்க ஆளிருக்கிறது. அவற்றை ஆக்கியவர்களின் பெயர்களைச் சுமக்கத்தான் ஆளில்லை.

முதலில் புகழை எடுத்துக்கொள்வோம். 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அன்று இருந்த செல்வாக்குக்கு இன்றைய எந்த நட்சத்திரமும் ஈடாக மாட்டார். அந்த ஆண்டின் இறுதியிலேயே அவர் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947இல் விடுதலையாகி வெளியே வந்தபோது திரையுலகம் மாறிக்கொண்டிருந்தது. நடிகரே பாடி நடித்த காலம் போய், பின்னணிப் பாடகர்களின் காலம் வந்துகொண்டிருந்தது. அவருடைய பாடல்கள் கர்னாடக இசைப் பயிற்சியையும் உச்சஸ்தாயியில் நிற்கும் சாரீரத்தையும் கேட்பவை. வேலை செய்தபடியே சாதாரண ஆள் எடுத்துப் பாடிவிட முடியாது. பாடுகிறவர்கள் குறையக் குறைய, அந்தப் பெரும்புகழ் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பாடல்களுக்குள் ஒடுங்கிவிட்டது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) கதை இன்னும் மோசம். அதன் படச்சுருளே இன்று இல்லை. 100 கோடி பார்வை என்பதும் மூன்று தீபாவளி போன்றதுதான். பாட்டின் இன்றைய வேகத்தை அது காட்டும், ஆயுளைக் காட்டாது.

இகழ்ச்சியும் அப்படியே. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றை ஒடுக்கினார். நேயர்கள் வாதாடவில்லை, முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசே இறங்கிவர வேண்டியதாயிற்று. அன்று மட்டம் என்று தள்ளப்பட்ட அந்தக் காலத்துப் பாடல்களைத்தான் இன்று பொற்காலம் என்கிறோம். 1995இல் வந்த ‘அசுரன்’ படத்துக்கு ஆதித்யன் போட்ட துள்ளல் பாட்டு ஒன்று 2022இல் ‘விக்ரம்’ படத்தில் ஒலித்து மறுபிறவி எடுத்தது. தேவா இசையமைத்த ‘ஏழையின் சிரிப்பில்’ (2000) பாட்டுக்கு 2023இல் ‘லியோ’ அதையே செய்தது. வெளிவந்த காலத்தில் இவற்றைக் காவியம் என்று எந்த விமர்சகரும் சொல்லியிருக்க மாட்டார். 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு ஒரே நாளில் வந்த ‘குணா’ பெரிய வெற்றிப் படம் அல்ல. ஆனால், வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய அதன் பாட்டு ஒன்று, 32 ஆண்டுகள் கழித்து ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தின் உச்சக்கட்டத்தில் ஒலித்து, ‘குணா’ வெளியானபோது பிறந்திராத பிள்ளைகளின் பாட்டாகிவிட்டது.

இன்றைய பாடல்களுக்கு நிற்கும் தகுதி இல்லை என்ற ஆட்சேபம் இந்த இடத்தில் வலுவிழக்கிறது. பழைய காலத்தின் உச்சத்தை இன்றைய சராசரியோடு வைத்துப் பார்ப்பதால் வரும் மயக்கம் அது. 1950களில் ஒரு படத்துக்கு எட்டு, பத்துப் பாடல்கள் சர்வசாதாரணம். அவற்றில் இன்று முணுமுணுக்கப்படுபவை மிகச் சொற்பம். மற்றவற்றைக் காலம் கழித்துவிட்டது, மிஞ்சியதை நாம் கேட்கிறோம். இன்றைய பாடல்களிலும் அப்படிக் கழிபவை கழியும். கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் சாவு வீட்டு ஊர்வலத்திலும் தேவைப்படுகிற பாட்டு நிற்கும். பாடத் தெரியாதவனும் பிடித்துக்கொள்ளத் தோதான மெட்டு நிற்கும். ஆடி மாதம் பிறந்தால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் ஒலிபெருக்கி ஏறுவதை யாரும் தீர்மானம் போட்டு முடிவுசெய்யவில்லை. ஒரு சடங்கோடு சேர்ந்துகொண்ட பாட்டுக்கு அந்தச் சடங்கின் ஆயுள் வந்துசேர்ந்துவிடுகிறது. ஆகவே, இன்றைய குத்துப்பாட்டும் காதல்பாட்டும் நாளை கேட்கப்படுமா என்ற கவலை தேவையற்றது.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. பழைய பாடல்களைச் சுமந்துவந்தவர்கள் மெட்டோடு பெயரையும் சேர்த்துச் சுமந்தார்கள். இலங்கை வானொலியில் எஸ்.பி. மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் ஒலித்த நாட்களில், பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்வது அறிவிப்பாளரின் தொழில் ஒழுக்கம். எழுத்தறியாத நேயருக்கும் கண்ணதாசனையும் விஸ்வநாதன் ராமமூர்த்தியையும் அறிமுகப்படுத்தியது அந்த ஓயாத உச்சரிப்புதான். திரையரங்கு வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகம் இன்னொரு சுமைதாங்கி. மட்டமான தாளில், அட்டையில் நாயகன் நாயகி படத்தோடு, உள்ளே நடிகர் பட்டியலும், முடிவைச் சொல்லாமல் மீதியைத் திரையில் காணச் சொல்லும் கதைச்சுருக்கமும், முழுப் பாடல்வரிகளும் இருக்கும். பழைய திரையிசையின் வரலாற்றை இன்று எழுதப் புகுகிறவர்கள் முதலில் தேடுவது, யாரும் மதித்துச் சேமிக்காத அந்தப் புத்தகங்களைத்தான்.

இன்றைக்குச் சுமப்பவை செயலிகளும் குறுங்காணொளிகளும். இன்று பெயர்களே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. யூடியூபில் ஒரு பாட்டின் அதிகாரபூர்வப் பதிவுக்குக் கீழே பாடலாசிரியர் முதல் புல்லாங்குழல் வாசித்தவர், ஒலிக்கலவை செய்தவர் வரை பெரிய பட்டியலே இருப்பதுண்டு. எம்.எஸ்.வி. காலத்து இசைத்தட்டில் வயலின் வாசித்தவருக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. ஆனால், அந்தப் பட்டியல் இடத்தைவிட்டு நகர்வதில்லை. பாட்டிலிருந்து 30 விநாடியைக் கிள்ளியெடுத்து லட்சம் பேர் காணொளி போடும்போது மெட்டு மட்டும்தான் கிளம்பிப் போகிறது. பண்பலை வானொலிகளில் தொகுப்பாளரின் கலகலப்புக்கும் விளம்பரத்துக்கும் நடுவே எழுதியவர் பெயர் காதில் விழுவது அபூர்வம். பெயர்களை முன்னெப்போதையும்விட நிறைய எழுதிவைக்கிறோம், முன்னெப்போதையும்விடக் குறைவாகச் சொல்கிறோம். வாய்க்கு வராத பெயர் நினைவுக்கு வராது.

இணையத்தில் எல்லாம்தான் இருக்கிறதே, வேண்டும்போது தேடிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இருப்பது நம்மிடமில்லை, வாடகைக்கு. 2024இல் மட்டும் ரெஸ்ஸோ இசைச் செயலி இந்தியாவிலிருந்து வெளியேறியது, ஏர்டெலின் விங்க் மியூசிக்கை மூடும் அறிவிப்பு வந்தது. ஒரு காலத்தில் உலகம் முழுக்க இளம் இசைக்கலைஞர்களின் முகவரியாக இருந்த மைஸ்பேஸ், சர்வர் மாற்றத்தின்போது பல ஆண்டுகளின் இசைக் கோப்புகளை இழந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. பெரிய நிறுவனங்களின் திரைப்பாடல்கள் ஏதோ ஒரு கடையில் கிடைத்துக்கொண்டே இருக்கும். தனி இசைக்கலைஞர் சொந்தக் காசில் வெளியிட்ட பாட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இந்தியாவில் ஒரு புத்தகத்தை அச்சிட்டால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். பாட்டை ஒலிப்பதிவு செய்து வெளியிடுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் அப்படி எந்தக் கடமையும் இல்லை.

பாட்டு நின்றால் போதாதா, பெயர் எதற்கு என்பது இன்னும் கடினமான கேள்வி. தாலாட்டையும் நடவுப்பாட்டையும் கட்டியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, அவை வாழவில்லையா? வாழ்கின்றன. ஆனால், அவை ஊர் கூடிக் கட்டியவை. யாருடைய சம்பளமும் அவற்றில் அடங்கியிருக்கவில்லை. திரைப்பாட்டு குறிப்பிட்ட சிலரின் உழைப்பு. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர, பாட்டு பயன்படும்போதெல்லாம் பங்கு உண்டு என்று 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டமே சொல்கிறது. பெயர் தொலைந்தால் பங்கும் தொலையும். ‘மிஸ்ஸியம்மா’ (1955) பாடல்கள் இன்றும் வீடுகளில் ஒலிக்கின்றன. எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதே காலத்தில் எழுதி, 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை நாடே அறியும். ஒரு காரணம், அவர் பாடல்கள் அவர் பெயரில் நூலாகத் தொகுக்கப்பட்டன, மேடைதோறும் பெயர் சொல்லி எடுத்தாளப்பட்டன, பிறகு நாட்டுடைமையும் ஆயின. ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்று சொல்லும் பழக்கம் அன்றும் இருந்தது. அதையும் மீறிப் பட்டுக்கோட்டையாரைக் காப்பாற்றியது அச்சும் உச்சரிப்பும்.

இன்றைய சூழலில் பெயரைக் காக்கும் பொறுப்பு கூடுகிறது. 2021இல் உலகெங்கும் பரவிய ‘என்ஜாய் எஞ்சாமி’யில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை, அது வெளிவந்து ஒன்றரை ஆண்டுக்குள் பொதுவெளிக்கு வந்துவிட்டது. சம்பந்தப்பட்ட அனைவரும் நம்மிடையே இருக்கும்போதே இப்படியென்றால், ஐம்பது ஆண்டு கழித்து யார் தீர்ப்பது? 2024இல் ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே அறிவித்ததால் அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று நமக்குத் தெரிகிறது. எல்லோரும் அப்படி அறிவிப்பார்கள் என்று நம்ப இடமில்லை. எந்தக் குரலையும் எந்த மெட்டையும் கணினி பிரதியெடுக்கும் காலத்தில், அசல் யாருடையது என்ற பதிவு இல்லாவிட்டால் எல்லாமே புறம்போக்கு நிலமாகிவிடும்.

இந்தப் பதிவுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒலிப்பதிவுகளுக்கும் கன்னிமாரா போன்ற ஓர் இடத்தில் பிரதி கொடுப்பதைத் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கலாம்; வெளியிடும் நிறுவனமே முழுப் பெயர்ப்பட்டியலையும் பாடல்வரியையும் அதனுடன் சேர்த்துக் கொடுக்கட்டும். வானொலியும் தொலைக்காட்சியும் மெல்லிசைக் குழுவும் நான்கு பெயர்களைச் சொல்லும் பழைய வழக்கத்துக்குத் திரும்பட்டும். பத்து விநாடி வேலை. நீங்கள் ஒரு பாட்டை நண்பருக்கு அனுப்பும்போது எழுதியவர் பெயரையும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். நாளைய தமிழர்கள் நம் பாடல்களைக் கேட்கத்தான் போகிறார்கள். அது யாருடைய பாட்டு என்று அவர்கள் கேட்கும்போது பதில் இருக்குமா என்பது இன்றைய நம் கையில்தான் இருக்கிறது.