ஆடிட் பண்ணாத தாய்ச்சி

"தொடாமலே ஆளைத் தள்ளுவேன்" என்கிற தாய்ச்சி மாஸ்டர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2017ல் செங்டு நகரில் சூ சியாவோதோங் என்ற எம்.எம்.ஏ. வீரர், வெய் லெய் என்ற தாய்ச்சி மாஸ்டரை அரை நிமிடத்துக்குள் சாய்த்தார். உடனே "தாய்ச்சியே டுபாக்கூர்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதுவும் தப்பு மக்களே!

முறையான பயிற்சியில் கால் நடுங்க நடுங்க அசையாமல் நிற்கணும்; இன்னொருவரோடு கைகோத்துத் தள்ளிப் பழகணும். 'உள்சக்தி' மந்திரமில்லை. இறுக்கத்தை விட்டு, தரையில் ஊன்றிய விசையை இடுப்பு வழியாகக் கைக்குக் கொண்டுபோவதுதான். 1956ல் சீன அரசு எளிமையாக்கிய 24 அசைவுகள் உடம்புக்கு நல்லது. ஆனால் அதை மட்டும் ஆடிவிட்டுச் சண்டைக்குப் போவது ஆடிட் பண்ணாத பேலன்ஸ் ஷீட் மாதிரி. பார்க்க அழகு, ஒரு தள்ளு தள்ளினால் குப்புற விழும்.

சண்டைக் கலை என்று சொல்லியும், எதிர்த்துத் தள்ள ஆளில்லாத வகுப்பா? ஃபீஸ் கட்டாதீங்க.